போடிமெட்டு பக்கம் தோட்டம், சுத்தி நாலு ஓனர்: ஃபயர் லைன் எங்க போடணும், யாரைக் கேட்டுப் போடணும்

கேள்வி கேட்டவர் சொன்னதை முதல்ல சுருக்கமா சொல்லிடுறேன், படிக்கிற மத்தவங்களுக்கும் விஷயம் புரியும். போடிமெட்டுக்குக் கீழ தமிழ்நாடு பக்கம் ஏழு ஏக்கர் ஏலத்தோட்டம் வாங்கியிருக்கார். ஒரு பக்கம் ரிசர்வ் ஃபாரஸ்ட், கீழ்ப்பக்கம் மதுரைல இருக்கிற ஒருத்தரோட பட்டா, அதுல வருஷக்கணக்கா யாரும் கால் வைக்காம ஆளுயரத்துக்குப் புல்லு நிக்குது, இன்னொரு பக்கம் வேற ஒருத்தர் தோட்டம், மேல முகட்டைத் தாண்டினா கேரளா. போன கோடைல எதிர்ச் சரிவுல தீ எரிஞ்சதைப் பாத்து பயந்துட்டு, "தீ வந்தா யாரு பொறுப்பு, என் எல்லையைச் சுத்தி பத்தடிக்கு ஃபயர் லைன் (தீ தாண்டாம இருக்க புல்லு, சருகைச் சீவி விடுற பட்டை) போட்டா போதுமா"ன்னு கேக்குறார். கேள்வி பொறுப்பைப் பத்தின மாதிரி இருந்தாலும், உண்மையில கேக்குறது அக்கம்பக்கத்துல யாரையும் கெஞ்சாம என் தோட்டத்தை நானே காப்பாத்திக்க முடியுமாங்கிறதுதான். உங்க தோட்டம் இருக்கிற இடத்துல முடியாதுங்க. அதுக்காக ஊரைக் கூட்டி பெரிய சங்கம் வைக்கணும்னும் இல்ல, ரெண்டு மூணு பேரோட சம்மதம், அதுவும் சரியான மாசத்துல கிடைச்சாப் போதும்.

நான் வனத்துறைல வனவரா இருந்து ரிட்டயர் ஆனவன், சர்வீஸ்ல பெரும்பகுதி தேனி மாவட்டத்து மலையோரத்துலதான். அதனால தரையில நடக்கிறதைப் பத்தி தைரியமா சொல்லுவேன், கோர்ட்டு கேஸுன்னு போனா நல்ல வக்கீலைப் பாருங்க.

பொறுப்பு விஷயத்தை சீக்கிரம் முடிச்சிடுறேன். ரிசர்வ் காட்டுக்குள்ள தீ வைக்கிறது நம்ம பக்கம் 1882ஆம் வருஷத்து தமிழ்நாடு வனச்சட்டப்படியும், கேரளா பக்கம் 1961ஆம் வருஷத்து கேரள வனச்சட்டப்படியும் குற்றம், சரணாலயமா இருந்தா 1972 வன உயிரினச் சட்டமும் சேந்துக்கும். உங்க தோட்டத்துல குப்பை எரிச்சு அது காட்டுக்குள்ள ஏறினா வழக்கு உங்க மேலதான், வேணும்னு செய்யலைன்னு சொன்னாலும் அலைச்சல் உறுதி. ஆனா தீ காட்டுல இருந்தோ மதுரைக்காரர் நிலத்துல இருந்தோ உங்க பக்கம் வந்து செடி கருகிட்டா நஷ்டஈடு கேக்குறது வேற கதை, யாரு வெச்சாங்கன்னு நிரூபிக்கணும், அது கிட்டத்தட்ட நடக்காத காரியம், அதை நம்பி உக்காந்துறாதீங்க. இன்னொண்ணு, ஸ்டோருக்கும் டிரையருக்கும் ஃபயர் இன்சூரன்ஸ் எடுத்திருந்தா பாலிசியை ஒரு தடவை படிச்சுப் பாருங்க. பழைய ஸ்டாண்டர்ட் ஃபயர் பாலிசில புஷ் ஃபயர் (புதர்த் தீ) கவர் ஆகும், ஃபாரஸ்ட் ஃபயர் (காட்டுத் தீ) ஆகாது, அதைத் தனியா ஆட்-ஆன் கட்டி வாங்கணும்; 2021ல வந்த சின்னத் தொழில் பாலிசில இது மாறியிருக்கு, உங்களுது எதுன்னு பாருங்க. காட்டை ஒட்டி ஸ்டோர் வெச்சிருக்கிற பல பேருக்கு தங்க பாலிசில எது இருக்குன்னு கிளெய்ம் போடுற அன்னைக்குத்தான் தெரியுது.

இப்ப உங்க பத்தடி லைனுக்கு வருவோம். தீ மேட்டுப் பக்கம் ஓடும்போது வேகம் கூடும், சரிவு ஒவ்வொரு பத்து டிகிரி கூடக்கூட வேகம் ஏறக்குறைய ரெண்டு மடங்கு ஆகும்னு ஒரு கணக்கு உண்டு, இறங்கும்போது அதே தீ தவழ்ந்துதான் வரும். காரணம் சிம்பிள், சரிவுல ஏறுற தீயோட ஜுவாலை முன்னாடி இருக்கிற புல்லு மேலயே சாஞ்சு அதை முன்கூட்டியே காய வெச்சிடுது. இதோட பகல்ல வெயில் ஏற ஏற மலைல காத்து கீழ இருந்து மேல வீசும், ராத்திரில மேல இருந்து கீழ இறங்கும். நம்ம போடிச் சரிவு கிழக்கைப் பாத்தது, காலைலயே வெயில் அடிச்சு மேல ஏறுற காத்தும் சீக்கிரமே கிளம்பிடும். ஆக மதுரைக்காரர் நிலத்துல மதியம் ஆளுயரப் புல்லு பத்திக்கிச்சுன்னா அது உங்க எல்லைக்கு வர்றப்ப முழு வேகத்துல இருக்கும், அந்த வேகத்துல ஜுவாலை சாஞ்சாலே பத்தடியைத் தாண்டி உங்க நிழல் மரத்துச் சருகுல விழுந்துடும். சமதரைக்கே புல்லு உயரத்துல மூணு மடங்கு அகலம் வேணும்னு நாங்க கணக்கு வைப்போம், சரிவுக்கு அதையும் தாண்டணும். அவ்வளவு அகலத்துக்கு உங்க எல்லையைச் சுத்திப் போட்டா ஏழு ஏக்கர்ல நல்ல பங்கு லைனுக்கே போயிடும்.

குரங்கணி உங்களுக்கு ஞாபகம் இருக்கும், 2018 மார்ச் 11. கொழுக்குமலைல இருந்து ட்ரெக்கிங் இறங்கி வந்தவங்க காஞ்ச புல்லு சரிவுல மாட்டிக்கிட்டாங்க, ஆஸ்பத்திரில இறந்தவங்களையும் சேத்து 23 பேர் போயிட்டாங்க. அன்னைக்குத் தீ ஓடின வேகத்தைப் பத்தி அந்த ஊர்க்காரங்ககிட்ட கேட்டா இப்பவும் குரல் மாறும். அந்த இடத்தோட அமைப்பைக் கவனிங்க. கொழுக்குமலை தமிழ்நாட்டு மண்ணு, ஆனா ஜீப்புல போகணும்னா கேரளாவுல சூரியநெல்லி வழியாத்தான் போகணும். கீழ குரங்கணி பக்கம் இருந்து நடந்துதான் ஏறணும். தமிழ்நாட்டுச் சரிவுக்கு வேகமா ஆளும் தண்ணியும் வரக்கூடிய ரோடு கேரளாவுல இருக்கு, உங்க தோட்டமும் கிட்டத்தட்ட அந்த மாதிரிதான், மேல இருக்கிற ரோட்டுல இருந்துதான் உங்களுக்கு உதவி இறங்கி வரணும். சர்வே கல்லு எங்க நிக்குதுன்னு பாக்குறதுக்கு முன்னாடி ரோடு, ஓடை, முகடு எங்க இருக்குன்னு பாருங்கன்னு நான் சொல்றது இதுக்காகத்தான்.

தீயை நிறுத்த வாட்டமான இடம் மூணுதான். ஒண்ணு முகடு, ஏறி வந்த தீ அங்க வேகம் குறையும். ரெண்டாவது ஜீப் ரோடு, வெட்டின மண்ணு ஏற்கெனவே இருக்கு, ரெண்டு ஓரமும் சீவிவிட்டா அகலமும் கிடைச்சிடும். மூணாவது தண்ணி ஓடுற ஓடை. இதுல ஒரு எச்சரிக்கை, தண்ணி வத்தின செங்குத்தான ஓடைப் பள்ளம் புகைக்கூண்டு மாதிரி தீயை மேல இழுத்து விடும், அதை லைன்னு நம்பிடாதீங்க. உங்க விஷயத்துல கீழ்ப்பக்கத்து லைன் போட வேண்டிய இடம் மதுரைக்காரர் நிலத்தோட அடிவாரத்துல இருக்கிற பழைய ஜீப் ரோடா இருக்கலாம் (இருக்குன்னு நீங்களே எழுதியிருக்கீங்க), மேல்பக்கத்துக்கு முகட்டு லைன், அது பாதி நம்ம வனத்துறை, பாதி கேரளாக்காரங்க. அதாவது உங்க தோட்டத்தைக் காப்பாத்துற ரெண்டு லைனும் உங்க நிலத்துலயே இல்ல.

அடுத்தவன் நிலத்துல போய் புல்லு வெட்டணும்னா சம்மதம் வேணும், அங்கதான் எல்லாம் நின்னு போகுது. புல்லு வெட்டுற கூலி ஒரு பெரிய செலவே இல்ல. ஆளுங்க ஏன் மறுக்குறாங்கன்னு புரிஞ்சுக்கணும். ஒரு தோட்டக்காரர் என்கிட்ட நேராவே சொன்னார், "அண்ணே, இன்னைக்கு ஃபயர் லைன்னு வெட்டுவாங்க, அடுத்த வருஷம் அதுல பைக்கு ஓடும், அதுக்கடுத்த வருஷம் ஜீப்பு ஓடும், பெறகு இது எங்க பாட்டன் காலத்துப் பாதைன்னு கோர்ட்டுல நிப்பாங்க, நான் எதுக்குண்ணே கையெழுத்துப் போடணும்?" அவர் சொன்னது நியாயமான பயம், மலைல பாதித் தகராறு பாதைத் தகராறுதான். அதுக்கு மருந்து அரைப்பக்கக் காகிதம். எந்த சர்வே நம்பர், எந்த இடத்துல இருந்து எந்த இடம் வரைக்கும், எத்தனை அடி அகலம், டிசம்பர்ல இருந்து மே வரைக்கும் மட்டும், புல்லும் புதரும்தான் வெட்டுவோம் மரத்தைத் தொட மாட்டோம், இதை வெச்சு பாதை உரிமையோ வேற எந்த உரிமையோ கேக்க மாட்டோம், இந்த லைன் எல்லைக்கோடு ஆகாது, வேண்டாம்னா அடுத்த வருஷம் சம்மதத்தை வாபஸ் வாங்கிக்கலாம். கீழ ரெண்டு பேர் கையெழுத்து, ரெண்டு சாட்சி. "எல்லைக்கோடு ஆகாது"ங்கிற அந்த வரியை மறக்காதீங்க. மலைல எல்லாருக்கும் எல்லைல கொஞ்சம் கூடக்குறைய இருக்கும், லைன் போடுறோம்னு ஃபாரஸ்ட்காரரைக் கூட்டிட்டு வந்தா சர்வேயரும் பின்னாடியே வருவாரோன்னு பயப்படுவாங்க. கேரளா பக்கம் இது இன்னும் அதிகம், இடுக்கில ஏலமலைக்காடுன்னு சொல்ற நிலம் ரெவின்யூவோடதா ஃபாரஸ்டோடதான்னு ரொம்ப காலமா இழுபறி, அங்க இருக்கிறவங்க எந்தக் காகிதத்துலயும் கையெழுத்துப் போட பத்து தடவை யோசிப்பாங்க. தீயைப் பத்திப் பேசப் போற இடத்துல எல்லைப் பேச்சை எடுக்கவே கூடாது.

மதுரைக்காரரை எப்படிப் பிடிக்கிறது? சர்வே நம்பர் இருந்தா பட்டாவை ஆன்லைன்லயே பாக்கலாம், பேரு தெரிஞ்சதும் விஏஓகிட்டயோ பழைய மேஸ்திரிகிட்டயோ கேட்டா போன் நம்பர் கிடைச்சிடும். கேரளா பக்கத்து ஓனர்னா அங்க வில்லேஜ் ஆபீஸ்ல தண்டப்பேரு நம்பரை (அங்க நிலவரிக் கணக்குல ஓனருக்குக் கொடுக்கிற நம்பர்) வெச்சு விசாரிக்கலாம், ஆனா அதைவிட சுலபமான வழி போடி ஏலக்காய் ஏல சென்டர். பூப்பாறை, சாந்தன்பாறை, ராஜகுமாரி பக்கம் தோட்டம் வெச்சிருக்கிறவங்கள்ல எத்தனையோ பேர் போடி, தேனி, கம்பத்துக்காரங்கதான், காயைக் கொண்டுட்டு வந்து அங்கதான் நிப்பாங்க. ரெண்டு மாநிலத்து நிலத்துக்காரங்களும் ஒரே டீக்கடைல நிக்கிற இடம் அது, கலெக்டர் ஆபீஸ் மீட்டிங்கைவிட அங்க சீக்கிரம் காரியம் ஆகும். போன்ல பேசறப்போ "உங்க புல்லால எங்களுக்கு ஆபத்து"ன்னு ஆரம்பிக்காதீங்க, "செலவு என்னது, உங்க நிலத்துல கீழ் ரோட்டோரம் மட்டும் சீவிக்கிறேன், உங்களுக்கும் காவல்"னு ஆரம்பிங்க.

ரிசர்வ் ஃபாரஸ்ட் பக்கம் நீங்களா போய் ஒரு அடி கூட சீவக்கூடாது, நல்ல எண்ணத்துல செஞ்சாலும் காட்டுக்குள்ள அத்துமீறினதாத்தான் எழுதுவாங்க. வனச்சரகருக்கு எழுத்துல கொடுங்க, அதுவும் அக்டோபர், நவம்பருக்குள்ள, ஏன்னா எந்தெந்த லைன் போடணும்னு அப்பவே திட்டம் முடிவாயிடும், பிப்ரவரில மனு கொடுத்தா பணமும் இருக்காது ஆளும் இருக்காது. "என் தோட்டத்துக்குப் பாதுகாப்பு கொடுங்க"ன்னு எழுதாம, "உங்க டிபார்ட்மென்ட் எல்லை லைன் எந்த இடத்துல முடியுதோ அங்க இருந்து நாங்க பட்டா நிலத்துல தொடர்றோம், ரெண்டும் ஒட்டுற மாதிரி போட்டுக் கொடுங்க"ன்னு எழுதுங்க. லைன்ல ஓட்டை விழுறது பெரும்பாலும் இந்த ஒட்டுற இடத்துலதான். டிபார்ட்மென்ட் லைன் ஒரு பாறைக்கிட்ட நிக்கும், தோட்டக்காரர் லைன் நூறு அடி தள்ளி ஆரம்பிக்கும், நடுவுல இருக்கிறது அவங்க வேலைன்னு இவங்களும் இவங்க வேலைன்னு அவங்களும் விட்டிருப்பாங்க. முகட்டுலயும் அதே கதை, மாநில எல்லை பல இடத்துல முகட்டை ஒட்டியே போறதால ரெண்டு டிபார்ட்மென்ட்டும் எதிர்ப்பக்கம் சீவியிருப்பாங்கன்னு நினைக்கும். பீட் அளவுல (ஒரு வனக்காப்பாளர் பாத்துக்கிற பகுதிதான் பீட்) நம்ம வனக்காப்பாளரும் அந்தப் பக்கத்து பீட் ஆபீசரும் டிசம்பர்ல ஒரு நாள் சேந்து முகட்டுல நடந்துட்டா இந்தக் குழப்பம் தீந்துடும், நல்ல ஆளுங்க இருக்கிற வருஷம் நடக்கவும் செய்யுது. அமெரிக்காவுல குட் நெய்பர் அத்தாரிட்டின்னு ஒரு ஏற்பாடு இருக்கு, 2014 ஃபார்ம் பில்லுல (அவங்க விவசாயச் சட்டம்) நாடு முழுக்க கொண்டுவந்தாங்க, அதுப்படி மத்திய அரசோட காட்டுல மாநில வனத்துறையே ஒப்பந்தம் போட்டு உள்ள போய் வேலை செய்யலாம். நம்ம போடிமெட்டுல அப்படி ஒரு பக்கத்து ஆள் மறுபக்கம் போய் புல்லு வெட்டுறதெல்லாம் நான் பாத்ததில்ல, அவங்கவங்க பக்கத்தை ஒரே வாரத்துல சீவினாலே பெரிய விஷயம்.

லைன் போடுற விதம். ரெண்டு பக்கமும் நாலஞ்சு அடிக்கு மண்ணு தெரியச் சீவி, நடுவுல நிக்கிற புல்லை வெட்டிப் போட்டுக் காயவிட்டு, பனி ஈரம் இருக்கிற விடிகாலைல ஆள் வெச்சு எரிக்கிறது டிபார்ட்மென்ட் முறை. நீங்க எரிக்க வேண்டாம், வெட்டி அள்ளிப் போட்டாப் போதும். ஜேசிபி விடாதீங்க, மலைல அதுக்கு அனுமதி வேணும், அதோட கிளறின மண்ணு அடுத்த மழைல கீழ போயிடும். மரத்தைத் தொடாதீங்கன்னு சொன்னேனே, பட்டா நிலமா இருந்தாலும் 1955ஆம் வருஷத்து மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் இருக்கு. அப்புறம் ஒரு முக்கியமான விஷயம், டிசம்பர்ல போட்ட லைனைப் பிப்ரவரி கடைசில ஒரு தடவை போய்ப் பாருங்க. இலையுதிர் மரம் நிக்கிற இடத்துல தேக்கும் மத்ததும் அந்த ரெண்டு மாசத்துல கொட்டித் தீத்திருக்கும், சீவின மண்ணு கண்ணுக்கே தெரியாது, கணுக்கால் அளவு சருகு கெடக்கும், மொறுமொறுன்னு இருக்கும், தீ அதுலயே நடந்து போயிடும். லைன் போட்டாச்சுன்னு ரெஜிஸ்டர்ல இருக்கும். மார்ச், ஏப்ரல் ரெண்டு மாசமும் கூட்டிக்கிட்டே இருக்கணும், இப்ப ப்ளோயர் மெஷின் வந்தப்புறம் ரெண்டு ஆள் ஒரு நாள்ல நிறைய தூரம் முடிச்சிடுறாங்க, நாலு தோட்டம் சேந்து ஒரு ப்ளோயர் வாங்கினா நல்லது.

சாட்டிலைட் அலர்ட் பத்தியும் கேட்டிருந்தீங்க. ஃபாரஸ்ட் சர்வே ஆஃப் இந்தியாவோட வன் அக்னி தளத்துல பொதுமக்களும் பதிவு பண்ணலாம், மெசேஜ் வரும், பண்ணி வைங்க. ஆனா அதோட அளவைத் தெரிஞ்சுக்கோங்க. அந்த அலர்ட்டுக்குப் பயன்படுற சாட்டிலைட் கருவிங்கள்ல நுணுக்கமான விஐஐஆர்எஸ்ஸுக்கே படத்துல ஒரு கட்டம் 375 மீட்டர், சதுரமா பாத்தா சுமார் 35 ஏக்கர், பழைய கருவியான மோடிஸுக்கு ஒரு கிலோமீட்டர். உங்க ஏழு ஏக்கர் மாதிரி அஞ்சு தோட்டம் ஒரே கட்டத்துக்குள்ள அடங்கிடும், அலர்ட்ல வர்ற புள்ளி அந்தக் கட்டத்தோட நடு, தீ எரியிற இடம் அதுவா இருக்கணும்னு இல்ல. அதனால முகட்டுல எரியிற தீ கேரளா கணக்குல விழும், கேரளா தீ நம்ம கணக்குல விழும், ரெண்டு பக்கமும் "எங்க லிமிட் இல்ல"ன்னு சொல்ல ஒரு காரணம் கிடைச்சிடும். நாளுக்குச் சில தடவைதான் சாட்டிலைட் மேல போகுது, மெசேஜ் கைக்கு வர்றதுக்குள்ள புல்லுத் தீ வேலையை முடிச்சிருக்கும். அதைவிட நல்ல கண்ணு காலைல போடில இருந்து மேல ஏறி சாயங்காலம் இறங்குற தோட்ட ஜீப்புங்க. ஒவ்வொரு ஜீப்புலயும் டிரைவர் இருக்கார், அவர் கையில போன் இருக்கு, சரிவு முழுக்க தினம் ரெண்டு தடவை பாக்குறார். நாலு டிரைவரை ஒரு வாட்ஸ்அப் குரூப்ல போடுங்க, புகையைப் பாத்தா எந்த வளைவுல இருந்து எந்தப் பக்கம் தெரியுதுன்னு ஒரு வாய்ஸ் போட்டாப் போதும். நம்பர் விஷயத்துல ஒண்ணு, முகட்டுல நின்னு 101, 112 அடிச்சா போன் எந்த டவரைப் பிடிச்சிருக்கோ அந்த மாநிலத்துக்குப் போகும், நீங்க போடின்னு சொன்னா அங்க இருக்கிறவருக்குப் புரிய நேரம் ஆகும். ரெண்டு பக்கத்து சரக ஆபீஸ், ஃபயர் ஸ்டேஷன் நேரடி நம்பரையும் எழுதி ஸ்டோர் சுவத்துல ஒட்டிடுங்க.

தீ வைக்கிறது மாடு மேய்க்கிறவங்கதான்னு நீங்க எழுதினது எனக்குச் சங்கடமா இருந்துச்சு. புதுப் புல்லு வரணும்னு தீ வைக்கிறவங்க உண்டு, இல்லன்னு சொல்ல மாட்டேன். அதே மாதிரி தோட்ட எல்லையைச் சுத்தம் பண்ண தீ வெச்சுட்டு சாப்பிடப் போற மேஸ்திரி உண்டு, ரோட்டோரம் வண்டியை நிறுத்தி சமைச்சுட்டு அடுப்பை அப்படியே விட்டுட்டுப் போற டூரிஸ்ட் உண்டு. யாரு எத்தனை பங்குன்னு நம்பகமா பிரிச்சுச் சொல்ல முடியாது, காரணம்னு ரிப்போர்ட்ல எழுதுறது பல தடவை ஊகம்தான். ஆனா ஒண்ணு உறுதி, எடுத்ததும் கேஸுன்னு மிரட்டினா மேய்க்கிறவங்க புகையைப் பாத்தாலும் சொல்ல மாட்டாங்க, சொன்னவன் மேலதானே முதல் சந்தேகம் வரும். லைன் போடுற பட்டையில டிசம்பர், ஜனவரில மாட்டை மேய விடுங்க, வெட்டின புல்லை அவங்களையே அள்ளிட்டுப் போகச் சொல்லுங்க, கூலி மிச்சம், ஒரு ஆளும் உங்க பக்கம்.

முன்கூட்டியே புல்லை எரிச்சு விட்டா பின்னாடி பெரிய தீ வராதுன்னு சொல்றாங்களே, அது சரியான்னும் கேட்டீங்க. சோலையும் புல்வெளியும் இருக்கிற மேல்மலைல சின்னச் சின்னத் துண்டா குளிர்காலத்துல எரிக்கிறதால புல்வெளி நல்லா இருக்குன்னு ஒரு கட்சி, உண்ணிச்செடியும் மத்த களையும் அந்தக் கருகின இடத்துல புகுந்துடுதுன்னு இன்னொரு கட்சி, ஆராய்ச்சிக்காரங்களுக்குள்ளயே முடிவு வரலை. நான் பாத்த வரைக்கும் இடத்துக்கு இடம் மாறுது. உங்களுக்கு அந்தக் குழப்பமே வேண்டாம், தனி ஆள் பட்டா நிலத்துல எரிக்கிற வேலைல இறங்காதீங்க. குப்பை எரிச்சே ஆகணும்னா பொங்கலுக்கு முன்னாடி, காலைல எட்டு எட்டரைக்குள்ள முடியிற மாதிரி, முந்தின நாளே சுத்தி இருக்கிறவங்களுக்கும் வனக்காப்பாளருக்கும் சொல்லிட்டு, மருந்தடிக்கிற பவர் ஸ்ப்ரேயரும் ரெண்டு டிரம் தண்ணியும் பக்கத்துல வெச்சுக்கிட்டு செய்ங்க. அந்த ஸ்ப்ரேயரும் படுதா குளத்து (தார்ப்பாய் விரிச்சு தண்ணி தேக்கி வைக்கிற குளம்) தண்ணியும்தான் நிஜத் தீ வந்தாலும் உங்க ஃபயர் இன்ஜின், வண்டி உங்க தோட்டம் வரைக்கும் வராது. குளத்துல இருந்து வர்ற ஓஸை எல்லையோரம் தரை மேல போட்டு வெக்காதீங்க, முதல்ல உருகுறது அதுதான். சரிவுல தீ ஏறி வந்தா ஆளுங்களை மேல ஓட விடாதீங்க, பக்கவாட்டுல விலகி ஏற்கெனவே எரிஞ்சு கருகின இடத்துக்கோ ரோட்டுக்கோ போகச் சொல்லி இப்பவே பழக்கி வைங்க.

இப்ப நவம்பர் பாதி ஆகுது, இந்த வருஷத்துக்கே நேரம் இருக்கு. முதல் போன் மதுரைக்காரருக்கு, ரெண்டாவது மனு சரக ஆபீசுக்கு, முகட்டு லைனைப் பத்தி அதுலயே ரெண்டு வரி சேத்து எழுதிடுங்க. பக்கத்துத் தோட்டக்காரர் ஒத்து வரலைன்னா விட்டுடுங்க, பக்கவாட்டுல வர்ற தீக்கு உங்க எல்லை லைனே ஓரளவு தாங்கும், இந்த வருஷம் கீழ் ரோடுதான் முக்கியம். சர்வே நம்பரை இங்க பொதுவுல போடாதீங்க, எந்த வருவாய் கிராமம்னு மட்டும் தனியா அனுப்பினீங்கன்னா எந்தப் பிரிவு ஆபீசைப் பாக்கணும்னு சொல்றேன்.